கொல்லிமலைப் பிராண்டு குடும்பம்: சேலம், நாமக்கல் வட்டார வரலாற்றில் ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கொல்லிமலை தமிழாராய்ச்சியாளர்க்குப் புதிய பெயர் அன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரிக்கு உரிய மலை அது. கொல்லிப்பாவையைப் பற்றிய குறிப்புகள் சங்கத் தொகை நூல்களிற் பல இடங்களில் வருகின்றன. தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றாகிய அறப்பள்ளி அம்மலைமேல் உள்ளது. அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் அத்தலத்து இறைவனை முன்னிலையாக்கி எழுந்த நூல். இவ்வாறு பாட்டில் வாழும் மலையை நாம் நன்கு அறிவோம். ஆனால் அம்மலையில் வாழும் மக்களின் அண்மைக்கால வரலாற்றை அந்த அளவிற்கு நாம் கற்றோம் அல்லோம்.

அவ்வரலாற்றின் ஒரு கூறு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே குடியேறிய ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கின்றது. ஜெசி மான் பிராண்டு, அவர் மனைவி ஈவ்லின், மகன் பால் ஆகிய மூவரின் பணிகள் 1907 முதல் 1974 வரை சேலம், நாமக்கல் சமவெளியையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் தொட்டு நிற்கின்றன. அக்குடும்ப வரலாற்றை நிரல்பட உரைத்து, அதிலிருந்து வட்டார வரலாறு எழுதுவோர் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அலுவல் வழிச் சபையும் சேலச் சமவெளியும்

கிறித்தவத் திருச்சபையின் தமிழ்நாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அலுவல் வழியே செல்வர். 1813-ஆம் ஆண்டின் கம்பெனிச் சாசனச் சட்டம் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு இந்தியாவில் ஒரு பிஷப்பையும், கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களுக்கு மூன்று ஆர்ச்டீக்கன்மாரையும் ஏற்படுத்த வழி செய்தது. 1814-இல் மிடில்டன் கல்கத்தாவின் முதற் பிஷப்பாகப் பொறுப்பேற்றார். சென்னைக்குத் தனிப் பிஷப் 1835-இல்தான் வந்தார். ஆதலின் அதற்கு முன்னர், சென்னை மாகாணத்துச் சபை ஆட்சியில் ஆர்ச்டீக்கனே முதல்வராய் விளங்கினார் எனலாம்.

அவ்வலுவலில் 1828 முதல் 1836 வரை அமர்ந்திருந்த தாமஸ் ராபின்சனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிஷப் ஹீபர் 1826 ஏப்பிரல் 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் இறந்தபோது உடன் பயணம் செய்தவர் அவர். ஹீபரின் இறுதி நாட்களைப் பற்றி நூலொன்றும் எழுதினார். பாரசீக மொழியில் வல்லவர்; தாயகம் திரும்பிய பின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் அரபு மொழிப் பேராசிரியராய் விளங்கினார். இத்தகையோரின் வாழ்க்கை ஆவணங்களில் தெளிவாகப் பதிந்துள்ளது. பதவியேற்ற நாள், விலகிய நாள், எழுதிய நூல், பெற்ற பட்டம் ஆகிய யாவும் அறியக் கிடக்கின்றன.

சேலச் சமவெளியின் நிலை வேறு. 1792-இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனியார் கைக்கு வந்தன. அலெக்சாந்தர் ரீடும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலவரித் திட்டம் வகுத்தனர். ஆட்சி வந்தவுடன் ஆங்கிலிக்கன் சமயப்பணியும் உடன் வந்தது என்று கருதுதல் பிழையாகும். சேலத்தில் 1827-இல் நிலையான பணி தொடங்கியவர் இலண்டன் மிஷனரி சங்கத்து ஹென்றி கிரிஸ்பு ஆவார். அச்சங்கம் ஆர்ச்டீக்கனின் ஆணைக்கு உட்பட்டதன்று. கிரிஸ்புக்குப் பின் வால்டனும், 1840 முதல் லெக்லரும் அப்பணியைத் தொடர்ந்தனர். நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்தில் பின்னாளில் வேரூன்றிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் அதனினும் சிறிய அமைப்பு. பிஷப், ஆர்ச்டீக்கன் என்னும் படிநிலைகளை ஏற்காத கொள்கையினர் அவர்கள்.

ஆகவே இவ்வட்டாரத்தின் திருத்தொண்டு வரலாற்றை அலுவலர் பட்டியலால் எழுத இயலாது. தனி மனிதர்களும் அவர்தம் குடும்பங்களுமே இங்கு வரலாற்றின் அலகாக அமைகின்றனர். பிராண்டு குடும்பத்தை நாம் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இதுவே.

3. ஜெசி பிராண்டு மலையேறியது

ஜெசி மான் பிராண்டு இங்கிலாந்தில் கில்போர்டு என்னும் ஊரில் 1885-இல் பிறந்தவர்; கட்டடத் தொழில் செய்யும் குடும்பத்தினர். வெப்ப நாடுகளில் பணியாற்றச் செல்வோர்க்கு ஓராண்டு மருத்துவப் பயிற்சி அளித்துவந்த லிவிங்ஸ்டன் கல்லூரியிற் கற்று, 1907-இல் சேந்தமங்கலத்திற்கு வந்து சேர்ந்தார். பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். ஆயினும் புண்ணுக்கு மருந்திடவும், பல் பிடுங்கவும், காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கவும் அறிந்திருந்தார்.

சேந்தமங்கலத்திலிருந்து நோக்கின் கொல்லிமலை சுவர்போல் எழுந்து நிற்பது புலப்படும். ஏறத்தாழ 4,000 அடி உயரமுள்ள அம்மலைக்கு இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளையுடைய சாலை உண்டு. அந்நாளில் நடைபாதையே வழி. ஏற இயலாதவரை டோலியிற் சுமந்து செல்வர். மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் கேரள நாட்டினர் அல்லர், தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்பது இவர்தம் மரபுச் செய்தி. நெல், சாமை, கேழ்வரகு முதலியன பயிரிட்டு வாழும் உழவர் இவர்.

சமவெளி மக்கள் அம்மலையை அஞ்சினர். அச்சத்திற்குத் தக்க காரணமும் இருந்தது. மலைக்காய்ச்சல் என்று வழங்கிய மலேரியா அங்கே நிலைபெற்றிருந்தது. கொசுவின் வழியே அந்நோய் பரவுதலை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்துவிட்டார் எனினும், அவ்வறிவு மலையூர்களிற் பயன்தருதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. மலையில் இரவு தங்குதலையே வெளியூரார் தவிர்த்து வந்த காலம் அது.

1913 ஆகஸ்டுத் திங்களில் சேந்தமங்கலத்தில் ஜெசிக்கும் ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிசுக்கும் திருமணம் நடந்தது. ஈவ்லின் 1879-இல் இலண்டனிற் பிறந்த செல்வ வணிகர் மகள்; ஓவியம் பயின்றவர்; கணவரினும் ஆறு ஆண்டு மூத்தவர். மணம் முடித்ததும் இருவரும் மலைமேற் குடியேறினர். வாழவந்தியில் ஜெசி தம் கையாலேயே மரவீடு ஒன்று அமைத்தார். 1914 சூலை 17-ஆம் நாள் பால் பிறந்தார். பின்னர் ஒரு பெண்மகவும் பிறந்தது.

4. நோயும் நீரும் மண்ணும்

ஜெசியின் பணிகளுள் வரலாற்று நோக்கிற் சிறந்தது நரம்புச் சிலந்தி நோய் பற்றியது என்பது நம் கருத்து. அந்நோயின் இயல்பை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். நீரில் வாழும் மிகச் சிறிய உயிரி ஒன்றினுள் புழுவின் இளநிலை தங்குகின்றது. அந்நீரைப் பருகுவோர் உடலில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வளர்ந்து, நூல் போன்ற நெடும்புழுவாகிக் காலிற் கொப்புளம் எழுப்பி வெளிவருகின்றது. நோயாளி காலை நீரில் வைத்த அளவில் புழு தன் குஞ்சுகளை நீரிற் சொரிகின்றது. படியிறங்கி நீர் மொள்ளும் கிணறுகளே இச்சுழற்சிக்கு இடமாயின. புழுவைப் பிடித்திழுத்தால் அறுந்துவிடும். ஆதலின் சிறு குச்சியிற் சுற்றி நாளுக்குச் சிறிதாக வாங்குதல் வேண்டும்.

ஜெசி அவ்வாறு புழு வாங்கியதோடு அமையவில்லை. நீரைத் துணியில் வடிகட்டிப் பருகுமாறு ஊரார்க்குக் கற்பித்தார். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பச் செய்தார். நீருயிரிகளைத் தின்னும் மீன்களைக் கிணற்றில் விட்டார். இந்நோய்க்குத் தடுப்பூசியோ கொல்லும் மருந்தோ இன்றளவும் இல்லை. இந்தியா 2000-ஆம் ஆண்டில் இந்நோய் அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையாய் அமைந்தவை நீரை வடிகட்டலும் கிணற்றைக் காத்தலும் ஆகிய எளிய வழிகளே. மலையூர் ஒன்றில் தனியொருவர் கையாண்ட முறை, பின்னாளில் நாடு கையாண்ட முறையோடு ஒத்திருத்தல் கருதத்தக்கது.

மலை மண்ணைப் பற்றிய அறிவோ மலையாளிகளுடையதே. மலைச்சரிவிற் படிப்படியாக வரப்புக் கட்டி, மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு நீர் தெளிந்து இறங்குமாறு நெல் விளைத்தல் அவர்தம் வழக்கம். பால் பிராண்டு 1980-களில் எழுதிய கட்டுரை ஒன்றில் தம் இளமைக்காலச் செய்தி ஒன்றைக் குறித்துள்ளார். வயலில் தவளை பிடித்து நீரைக் கலக்கிய சிறுவர்களை அழைத்து, கலங்கிய நீரோடு கீழே சென்ற மண் மீண்டும் மலையேறாது என்று முதியவர் ஒருவர் உணர்த்தினாராம். அம்முதியவரைத் தாத்தா என்னும் தமிழ்ச் சொல்லாலேயே அவர் சுட்டுகின்றார். மண்ணரிப்பைப் பற்றி உலக அரங்கில் அம்மருத்துவர் பேசியபோது அவர்க்கு ஆசானாய் நின்றவர் கொல்லிமலை உழவர் ஒருவர் என்பது இதனாற் புலனாகின்றது. கொடுத்தவர், கொண்டவர் என்னும் பாகுபாடு இவ்விடத்தில் தலைகீழாதல் காண்க.

5. பூசாரியின் குழந்தைகள்

குடியேறிச் சில ஆண்டுகள் வரை மலையில் எவரும் கிறித்தவர் ஆகவில்லை. மருந்து வாங்கினர், வழிபாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. ஊர்ப் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். 1918-19-இல் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. கொல்லிமலையையும் அது விடவில்லை. வீடுதோறும் அனைவரும் படுக்கையிற் கிடந்தபோது பிராண்டு இணையர் கஞ்சி காய்ச்சிக் கொண்டுசென்று ஊட்டினர். எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் அந்நோய்க்கு இரையாயினர். இறக்குந் தறுவாயில் தம் குழந்தைகளைப் பிராண்டு இணையரிடமே பூசாரி ஒப்படைத்தார். அதன் பின்னரே மலையிற் சிறு சபை தோன்றியது.

இந்நிகழ்ச்சியைச் சமய நூலார் வெற்றிக் கதையாக உரைப்பர். வரலாற்று மாணவர் பிறிதொரு கோணத்தினும் நோக்குதல் வேண்டும். தாம் எதிர்த்த சமயத்தை மெய்யென ஒப்புக்கொண்டு அப்பூசாரி குழந்தைகளைத் தந்தார் என்பதற்குச் செயல் ஒன்று மட்டுமே சான்று. அச்செயல் உணர்த்துவது நம்பிக்கை மாற்றத்தினும் முதற்கண் ஒரு தந்தையின் கவலையையே. யாவரும் அஞ்சி ஒதுங்கிய வீட்டினுள் நுழைந்தவர் எவரோ அவரே தம் மக்களைக் காப்பர் என அவர் துணிந்தார். கொள்கைப் பகையை மனித நம்பிக்கை வென்ற இடம் என்று இதனைக் கூறுதல் பொருந்தும்.

ஜெசி பள்ளி நடத்தினார். தச்சு வேலை கற்பித்தார். ஆரஞ்சு பயிரிடுதலையும் பட்டுப்பூச்சி வளர்ப்பையும் முயன்று பார்த்தார். இதே காலத்தில், 1925-இல், இராசாசி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதர்ப்பணியும் மதுவிலக்குப் பணியும் தொடங்கினார். ஒன்று சமயத்தையும் மற்றொன்று தேசியத்தையும் ஊற்றாகக் கொண்டவை. ஆயினும் ஊரினுள் குடியிருந்தே ஊர்ப்பணி செய்தல் வேண்டும் என்னும் கருத்து இரண்டிற்கும் பொது. இவ்வட்டாரத்தின் சமூக வரலாற்றில் இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்தல் பயன்தரும்.

6. பிரிவும் மறைவும்

1923-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. மீண்டபோது பிள்ளைகள் இருவரும் கல்விக்காக இலண்டனில் ஈவ்லினின் உடன்பிறந்தாரிடம் விடப்பட்டனர். பாலுக்கு அப்போது 9 வயது. தந்தையை அவர் அதன்பின் காணவில்லை. மலையின் மரம், பறவை, பூச்சி ஆகியவற்றை விரித்து ஜெசி எழுதிய கடிதங்களே தந்தைக்கும் மகனுக்கும் இடையே நின்றன. 1929 சூன் 15-ஆம் நாள் கருநீர்க் காய்ச்சல் என்னும் கொடிய மலேரியா வகையால் ஜெசி மலைமேலேயே இறந்தார், அகவை 44. தந்திச் செய்தி விரைந்து எட்டிற்று. அவர் முன்னரே எழுதிய மடல்களோ கப்பலில் மெல்ல வந்து, இறந்தவரின் குரலாய்ப் பின்னரும் இலண்டனை அடைந்தன.

சமயத் தொண்டர் குடும்பங்களின் வரலாற்றில் இப்பிரிவு பொதுவாக நிகழ்வது. பிறர் பிள்ளைகளைப் பேணும் பொருட்டுத் தம் பிள்ளைகளைக் கடல்கடந்து விடுத்த இம்முறையின் விலையைப் பெற்றோர் மட்டும் செலுத்தவில்லை, பிள்ளைகளும் செலுத்தினர். புகழுரையாய் எழுந்த வாழ்க்கை வரலாறுகள் இதனைத் தியாகம் என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றன. நாம் அவ்வாறு முடித்தல் ஆகாது.

7. ஈவ்லின் அம்மையார்

கணவரை இழந்த பின் ஈவ்லின் அம்மையார் இந்தியாவிற்கு மீண்டும் வந்தார். மிஷன் அவரை மலைக்கு அனுப்பாது சமவெளிப் பணியில் அமர்த்தியது. 1947-இல், 68-ஆம் அகவையில், ஓய்வு பெறும் காலம் வந்தது. மிஷனிலிருந்து விலகிய அம்மையார் தாயகம் செல்லாது, தம் பொறுப்பிலேயே கொல்லிமலைக்கு ஏறினார். ஓய்வு பெற்ற பின்னரே அவர்தம் பெரும்பணி தொடங்கியது எனின் மிகையாகாது. மட்டக்குதிரையில் அமர்ந்து ஊர் ஊராய்ச் சென்றார். கொல்லிமலையை அடுத்துப் பச்சைமலை, கல்வராயன் மலை முதலியவற்றையும் சேர்த்து ஐந்து மலைத்தொடர்களிற் பணி செய்தல் வேண்டும் என்பது இளமையில் கணவரோடு கொண்ட குறிக்கோள். இடுப்பெலும்பு முறிந்த பின் மூங்கிற்கோல் இரண்டை ஊன்றி நடந்தார். மகன் மருத்துவர், மலையை விட்டு இறங்குமாறு பன்முறை வேண்டினார், அம்மையார் இசையவில்லை. 1974 திசம்பர் 18-ஆம் நாள் 95-ஆம் அகவையில் இறந்து, மலைமேல் கணவரின் கல்லறையை அடுத்து அடக்கம் செய்யப்பெற்றார்.

இதே 1947-இல் ஆங்கிலிக்கன் சபையும் வேறு சில சபைகளும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை செப்டம்பர் 27-ஆம் நாள் தோன்றியது. அலுவல் வழி வரலாற்றில் அது பெருநிகழ்ச்சி. மூதாட்டி ஒருவர் பணியோய்வை மறுத்து மலையேறியது எந்த ஏட்டிலும் தலைப்பாகாத சிறு நிகழ்ச்சி. ஆயினும் கொல்லிமலை மக்களைப் பொறுத்தவரை இரண்டனுள் எது பெரிது என வினவின், விடை ஐயத்திற்கு இடமின்றி அமையும்.

8. பால் பிராண்டும் மலை நினைவும்

பால் ஐந்தாண்டுக் காலம் கட்டட வேலையும் தச்சும் பயின்ற பின்னரே இலண்டனில் மருத்துவம் கற்றார். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராய்ச் சேர்ந்தார். 1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரைத் தம் கையைப் பற்றுமாறு கூற, அப்பிடியின் வலிமையைக் கண்டு வியந்தார். தொழுநோயிற் சில நரம்புகள் செயலற்றுப் போயினும், முன்கைத் தசைகள் பல வலிமை குன்றாதிருக்கும் என்பது அவர்க்குப் புலப்பட்டது. நல்ல தசையின் தசைநாணை விரல்களுக்கு மாற்றி இணைத்து, மடங்கிய கையை நிமிர்த்தும் அறுவை முறை இதன்வழிப் பிறந்தது. நோயாளியின் விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை, வலியுணர்ச்சி அற்றமையால் நேரும் சிறு காயங்களே அவற்றைத் தேய்க்கின்றன என்பதையும் அவர் நிறுவினார். கரிகிரியில் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தோடும் அவர்க்குத் தொடர்பு உண்டு. 1960-இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். 2003 சூலை 8-ஆம் நாள் மறைந்தார். அவர் மனைவி மார்கரெட்டும் தொழுநோயாளரின் கண் மருத்துவத்தில் வல்லுநராய் விளங்கினார்.

இவ்விடத்து ஒரு செய்தி நோக்கத்தக்கது. பால் சிறுவராயிருந்த காலத்து, தொழுநோயாளர் மூவர் மலைவீட்டிற்கு வந்தனர். யார்க்கும் அஞ்சாது மருந்திட்ட ஜெசி, அன்று கையுறை அணிந்தே அவர்தம் புண்களைக் கட்டினார்; பிள்ளைகள் அருகில் வாராது விலக்கப்பட்டனர்; அவர்களுக்கு உணவிட்ட கூடை பின்னர் எரிக்கப்பட்டது. தந்தை அஞ்சிய கையையே மகன் பற்றினார். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மருத்துவ அறிவு வளர்ந்தது உண்மை. எனினும் அறிவு மட்டும் அக்கையை நீட்டச் செய்தது எனல் அமையாது. மலையிற் பெற்ற நினைவும், தச்சுப் பட்டறையிற் பெற்ற கைப்பழக்கமும் அதில் உடன் நின்றன என்று பால் தாமே எழுதியவற்றால் அறிகின்றோம்.

9. சான்றுகளின் இயல்பு

இக்குடும்பத்தைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. டோரதி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் மகனைப் பற்றி 1965-இலும் தாயைப் பற்றி 1976-இலும் நூல் எழுதினார். இவை அன்போடும் பற்றோடும் எழுந்தவை. சமய அன்பர்க்கென எழுதியவை. இவற்றில் மலை இருள் சூழ்ந்த இடமாகவும், வந்தவர் விளக்கு ஏந்தியவராகவும் காட்டப்படுதல் இயல்பே. ஓரியின் மலையாகவும் அறப்பள்ளியின் மலையாகவும் அதனை அறிந்த நாம் அச்சித்திரத்தை அப்படியே ஏற்றல் இயலாது. மலையாளிகளுக்குக் குலமுறையும் நாட்டாண்மையும் வழிபாடும் உழவறிவும் பண்டே இருந்தன. அவர்களிடம் இல்லாதிருந்தது கொடிய சில நோய்களுக்குரிய மருந்து மட்டுமே.

மறுபுறம், சமயமாற்றம் ஒன்றையே கருதி வந்தவர் என இக்குடும்பத்தாரை ஒதுக்குதலும் நடுவுநிலை ஆகாது. சமயமே அவர்களை மலையேற்றிற்று என்பது மெய். ஏறிய பின் அவர்கள் கட்டிய கிணற்றுச் சுவர், சபையில் சேர்ந்தவர் சேராதவர் என்று பாராமல் யாவரையும் காத்தது என்பதும் மெய். இரண்டையும் ஒருங்கே உரைப்பதே வரலாறு.

10. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றான் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று, சேலம், நாமக்கல் வட்டாரத்துத் திருத்தொண்டு வரலாற்றைச் சென்னை ஆர்ச்டீக்கன் அலுவல் போன்ற பதவிகளின் வழியே எழுத முயலின், அவ்வரலாற்றின் பெரும்பகுதி கை நழுவும். இரண்டு, பிராண்டு குடும்பத்தின் பணி ஒருவழிப்பட்டதன்று. மலை மக்களிடமிருந்து அவர்கள் பெற்ற அறிவு உலகப் புகழ் பெற்ற ஒருவரின் எழுத்துவரை சென்றுள்ளது. மூன்று, இவ்வரலாறு மலையாளிகள் வாய்மொழியாலும் எழுதப்படுதல் வேண்டும்.

மூன்றாவது பணி தமிழ்த் துறைக்கே சிறப்பாக உரியது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் மலைமேல் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கின்றது. சாலையும் மின்சாரமும் ஏறிவிட்டன. பழைய நடைபாதைகளை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். நாட்டுப்புறப் பாடலும் இடப்பெயரும் தொகுக்க மலையேறும் முதுகலை மாணவர், நச்சுக்காய்ச்சல் ஆண்டினைப் பற்றியும், மட்டக்குதிரையில் வந்த மூதாட்டியைப் பற்றியும், கிணற்றில் விட்ட மீன்களைப் பற்றியும் வழிவழியாக வழங்கும் செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்வாராயின், சங்க காலத்திற்கும் நம் காலத்திற்கும் இடையே இம்மலையின் வரலாற்றில் விழுந்துள்ள இடைவெளி ஓரளவேனும் நிரம்பும்.